அஞ்சல் பெட்டிக்கு ஆறு பாட்டில் காபி

மார்ச் 2, திங்கள்

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எட்டு மாதமாக நீ யார் யாரிடம் விசாரித்திருப்பாய் என்று ஊகிக்க முடிகிறது.

உறையின் பின்னால் இருப்பது அஞ்சல் பெட்டி எண். வீட்டு முகவரி கிடையாது, போன் எண் கிடையாது, எங்கே வேலை என்பதும் கிடையாது. முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்கும். இது பெரிய ஊர், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. போன தடவை உன்னை நம்பி முகவரி கொடுத்தேன். நீ அதை அவனிடம், எனக்குத் தாலி கட்டியவனிடம், கொடுத்தாய். பாவம், வாசலில் நின்று அழுதார் என்றாய். உன் வாசலில் அழுதவன் என் வாசலில் என்ன செய்தான் என்பது உனக்குத் தெரியும். இடது மணிக்கட்டு இன்னும் முழுதாக மடங்குவதில்லை.

சனிக்கிழமை காலையில் மட்டும் போய்ப் பெட்டியைத் திறப்பேன். எழுத நினைத்தால் எழுது.

எனக்கு ஒரு அறை இருக்கிறது. முப்பத்திரண்டு படி ஏற வேண்டும். ஒரு ஜன்னல், ஒரு மேசை. அடுப்பு வைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் கட்டளை. பிரிட்ஜ் இல்லை. மற்றதெல்லாம் பழகிவிட்டது, காலையில் காபி இல்லாதது மட்டும் பழகவில்லை. தெருமுனைக் கடையில் ஒன்று தருகிறார்கள். அது காபிக்குத் தூரத்து உறவு.

உன் தங்கை

*

மார்ச் 6, வெள்ளி

வாலு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தான் வந்து, "என்ன, கோர்ட் நோட்டீசா?" என்றார்.

நான் உனக்குச் செய்தது தப்பு. ஆனால் மாப்பிள்ளை அன்றைக்கு நின்ற நிலையை நீ பார்த்திருந்தால் என்று எழுத ஆரம்பித்து, கோடு போட்டு அடித்துவிட்டேன். அடித்ததும் தெரியும்படிதான் இருக்கிறது, தெரிந்தால் தெரியட்டும். என்னிடம் நீ காணும் பெரிய குறையே என் முகம்தானே. கேட்டால் எதையும் மறைக்கத் தெரியாத முகம்.

முகவரி கேட்கவில்லை. ஆனால் அடுப்பில்லாத அறை என்ன அறை? சரி, கேட்கவில்லை.

காபிக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். நெருப்பே வேண்டாத காபி இருக்கிறது. கொட்டையைக் கரகரப்பாக, ரவை பதத்துக்கு அரைக்க வேண்டும். ஒரு டம்ளர் தூளுக்கு ஐந்து டம்ளர் பச்சைத் தண்ணீர். கலக்கி மூடி வைத்தால் பதினாறு மணி நேரத்தில் சாறு இறங்கிவிடும். மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டினேன். துணியைப் பிழியக் கூடாது, பிழிந்தால் கசப்பும் சேர்ந்து வரும். அவசரக்காரி எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ருசி உனக்குப் பிடிக்கும், புளிப்பே இல்லை.

பிரிட்ஜ் இல்லாவிட்டால் கெட்டுப்போகுமே என்று யோசித்தேன். அப்புறம் சிரிப்பு வந்தது. பத்தொன்பது வருஷமாக ஜாம் கம்பெனியில் மூடி போடுகிற மேசையில் உட்கார்ந்திருப்பவளுக்கா இது தெரியாது? பட்டப்படிப்புப் படித்துவிட்டு பாட்டில் மூடுகிறாள் என்று நீ கிண்டல் செய்வாயே, அந்த வித்தை இப்போது உனக்குத்தான் உதவுகிறது. பாட்டில்களை ஆவியில் வைத்து, காபியை விளிம்புவரை ஊற்றி, மூடி போட்டு, கொதிக்கிற தண்ணீரில் இருபது நிமிஷம் நிற்கவைத்தேன். ஆறும்போது ஒவ்வொரு மூடியும் டொக், டொக் என்று உள்வாங்கியது. மூடியின் நடுவில் விரலை வைத்துப் பார், குழிந்து இறுகியிருக்கும். உள்ளே காற்றே இல்லை என்று அர்த்தம். ஜன்னலோரத்தில் வைத்தாலும் இரண்டு மாதம் நிற்கும்.

ஒன்பது செய்தேன். ஆறு உனக்கு, பார்சலில் வருகிறது. மூன்று என் அலமாரியில். நீ குடிக்கும்போது நானும் குடிப்பதாக வைத்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 14, சனி

அக்கா,

பார்சல் வந்தது. பாட்டிலுக்கு ஒரு பழைய துண்டு சுற்றியிருக்கிறாய். அத்தானின் துண்டுகூட விடவில்லையா?

தபால் நிலையத்து வாசல் படியில் உட்கார்ந்தே ஒன்றைத் திறந்தேன். பாதி குடித்துவிட்டுப் பாதியை அறைக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்தேன். முழுதும் தீர்ந்துவிட்டது. உள்ளே கவுண்டரில் இருக்கிற தடித்த கண்ணாடி அம்மா, "என்னம்மா, இருமல் மருந்தா?" என்று கேட்டார். மருந்துதான் என்றேன்.

மீதி ஐந்து, ஜன்னல் கட்டையில் வெயில் படுகிற இடத்தில் நிற்கின்றன. மாலையில் உள்ளே செம்மண் நிறத்தில் வெளிச்சம் தெரிகிறது. சனிக்கிழமைக்கு ஒன்று என்று கணக்கு. அப்படியென்றால் ஏப்ரல் பாதிவரை வரும்.

முகவரி கேட்காததற்கு நன்றி. "மாப்பிள்ளை" என்று மட்டும் எழுதாதே. அந்தச் சொல்லைப் படித்த பிறகு அறைத் தாழ்ப்பாளைப் போய் ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன்.

உன் வாலு

*

மார்ச் 17, செவ்வாய். அவசரத் தபால்

வாலு, காபியைக் குடிக்காதே. மீதி இருப்பதில் ஒரு வாய்கூடக் குடிக்காதே. முதலில் இதைப் படி, பிறகு மற்றதை.

நேற்று சாப்பாட்டு நேரத்தில் லேப் மேடத்திடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் ஒவ்வொரு நாள் சரக்கையும் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவர். "வீட்டுல குளிர் காபி போட்டேன் மேடம். நம்ம ஜாம் மாதிரியே சீல் பண்ணி தங்கச்சிக்கு அனுப்பிட்டேன்" என்றேன்.

"பிரிட்ஜ்ல வைக்கச் சொன்னீங்கல்ல?"

"அவகிட்ட பிரிட்ஜே இல்ல மேடம். அதுக்குத்தானே சீல்."

அவர் கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தார். வீட்டில் இருக்கிற மூன்றில் ஒன்றை இன்று கொண்டுவரச் சொன்னார். புளிப்பைக் காட்டுகிற காகிதத்தை அதில் நனைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "போதுமான புளிப்பு இருந்தா நாலரைக்குக் கீழ காட்டணும். இது அஞ்சு காட்டுது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஜாம்ல புளிப்பு இருக்கு, சர்க்கரை இருக்கு. அதுல விஷக் கிருமி வளராது. காபில அவ்வளவு புளிப்பு இல்ல. அதைக் காத்தில்லாம வேற அடைச்சிட்டீங்க. காத்தில்லாத இடத்துலதான் அது வளரும். கொதிக்கிற தண்ணில வைச்சாலும் அதோட விதை சாகாது. வெயில்ல வெளிய இருந்தா நாளாக நாளாக விஷம் சேரும்."

"வாசனையில தெரியுமா மேடம்?"

"வாசனை மாறாது. ருசியும் மாறாது. முதல்ல கண்ணு. ஒண்ணு ரெண்டாத் தெரியும். அப்புறம் இமை தொங்கும், முழுங்க முடியாது. அப்புறம் மூச்சு."

கட்டாயம் வருமா என்று கேட்டேன். "வராமலும் போகலாம்மா. எந்த பாட்டில்னு தெரியாது, அதான்" என்றார்.

தபால் நிலையத்துக்குப் போன் செய்தேன். ஒரு அம்மா எடுத்தார். உன் பெட்டி எண்ணைச் சொல்லி, வீட்டு முகவரி வேண்டும், அவசரம் என்றேன். "பெட்டிக்காரங்க விவரம் சொல்லக் கூடாதும்மா." நான் அவளுடைய அக்கா என்றேன். "எல்லாரும் யாருக்காவது அக்காதான்" என்றார். நான்கு தடவை கூப்பிட்டேன். ஐந்தாவது தடவை போனை எடுக்கவில்லை.

நீ சனிக்கிழமைதான் வருவாய். இன்று செவ்வாய். நான் இந்த நான்கு நாளை என்ன செய்வேன்? முகவரி கொடு. இல்லாவிட்டால் போன் செய். எங்கே வேலை என்றாவது சொல், நேரில் வந்துவிடுகிறேன். கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

*

மார்ச் 21, சனி

அக்கா,

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே கண்ணாடி அம்மா கூப்பிட்டார். "உங்க முகவரி கேட்டு ஒரு லேடி நாலு தடவை போன் பண்ணாங்க. அழுதாங்க. நான் குடுக்கல" என்றார். பெட்டியிலிருந்த கடிதத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வெளியே வந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு மணி நேரம் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு, யாரும் பின்னால் வரவில்லை என்று உறுதியான பிறகுதான் அறைக்கு வந்தேன். அதற்கப்புறம்தான் உன் கடிதத்தைப் படித்தேன்.

நல்ல கதை. காபியில் விஷம், முகவரி கொடு. வாசனையும் மாறாது, ருசியும் மாறாது, ஆனால் முகவரி கொடு. அவன் உன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினாயா, இல்லை இந்தத் தடவை உன் சொந்தச் சரக்கா? போன தடவை நீ எழுதியதும் இதே குரல்தான். "ஒரே ஒரு தடவை பேசிவிடு, கெஞ்சிக் கேட்கிறேன்." அந்தக் கெஞ்சலுக்கு நான் கொடுத்தது ஒரு மணிக்கட்டு.

இதை எழுதிக்கொண்டே இரண்டாவது பாட்டிலைத் திறந்து குடிக்கிறேன். மூடி டொக்கென்று திறந்தது. ருசி போன வாரம் போலத்தான் இருக்கிறது. முழுதும் குடித்துவிட்டேன். இப்போது சந்தோஷமா?

இனி எழுதாதே. மாதக் கடைசியில் இந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

*

மார்ச் 24, செவ்வாய். அவசரத் தபால்

வாலு,

இந்தக் கடிதத்தில் உன்னிடம் எதையும் கேட்கப்போவதில்லை. முகவரி வேண்டாம். போன் வேண்டாம். பதில்கூட வேண்டாம். பயமில்லாமல் படி.

நான்கு பாட்டில் மீதி இருக்கும். திறக்காதே. கழுவுகிற தொட்டியில் கொட்டாதே. அப்படியே இரண்டு பைக்குள் கட்டி, யார் கையும் படாத குப்பையில் போடு. சோப்புப் போட்டுக் கை கழுவு. ஒன்று இரண்டாகத் தெரிந்தால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போ. என்ன குடித்தாய், எப்படி அடைத்தது என்று டாக்டரிடம் சொல். கடைசியாகக் குடித்த நாளிலிருந்து பத்து நாள் கவனமாக இரு என்றார் மேடம். இவ்வளவுதான் விஷயம்.

இனி நான் எழுதுவதை உன்னிடம் சொல்லாமல் இருந்தால் நான் நன்றாக இருக்க மாட்டேன், அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வந்தார், அந்தச் சொல்லை எழுதாதே என்றாயே, அவர்தான். அத்தான் வெளியே போயிருந்தார். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, என் மூக்குக் கண்ணாடியை எடுத்து மடக்குவதும் விரிப்பதுமாக இருந்தார்.

"எங்க இருக்கா அண்ணி?"

"தெரியாது."

"உங்களுக்குத் தெரியாம இருக்குமா? சொல்லிடுங்க. பேசிட்டு வந்துடறேன், அவ்வளவுதான்."

"சத்தியமாத் தெரியாது."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் முகத்தில் அவர் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. நீ ஏன் பெட்டி எண் மட்டும் கொடுத்தாய் என்று அப்போதுதான் புரிந்தது. என்னைத் தண்டிக்கிறாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கண்ணாடியின் ஒரு காம்பு கழன்றுவிட்டது. அவர் அதை மேசைமேல் வைத்துவிட்டு, "கிடைப்பா. கிடைச்சா போன தடவை மாதிரி விட்டுட்டு வர மாட்டேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை. "ஒரு காபி குடுங்க, கிளம்பறேன்" என்றார்.

சமையலறைக்குப் போனேன். மேடம் ஒன்றை எடுத்துக்கொண்டது போக, என் அலமாரியில் இரண்டு பாட்டில் இருந்தன. எறிந்துவிடு என்று மேடம் சொல்லியும் நான் எறியவில்லை. உன்னிடம் இருப்பதற்கு என்ன ஆகும் என்பதை இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று வைத்திருந்தேன். ஒன்றின் மூடி குழிந்தபடியே இருந்தது. இன்னொன்று கெட்டிருந்தது, மூடி மேலே எழும்பியிருந்தது, விரலால் அழுத்தினால் திரும்ப எழும்பியது.

நான் எடுத்தது எழும்பியிருந்ததை, வாலு. திறந்தேன். நல்ல காபி வாசனை. டம்ளரில் ஊற்றினேன். சர்க்கரையும் போட்டேன். கலக்கிக்கொண்டிருக்கும்போது ஸ்பூன் டம்ளரில் படுகிற சத்தம் கேட்டது. அவ்வளவு நிதானமான சத்தம். என் கைதானா என்று பார்த்தேன்.

அந்த டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு, பால் தீர்ந்துவிட்டது என்று சொல்லி வெறும் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அவன் போய்விட்டான்.

ஒரு வாரமாக உன்னை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். இப்போது சமையலறைக்குள் போகவும் பயமாக இருக்கிறது. அத்தானிடம் சொல்லவில்லை. உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

உன் பெட்டி எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு உறைகளையெல்லாம் எரித்துவிட்டேன்.

அக்கா

*

மார்ச் 28, சனி

அக்கா,

எழுதாதே என்று சொல்லிவிட்டு இன்று காலை பெட்டியைத் திறப்பதற்கு முன்னாலேயே அதன் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். கவுண்டரிலேயே நின்று படித்தேன். அந்த டம்ளர் வரும் இடத்தில் நம்பினேன். முகவரிக்காகக் கதை கட்டுகிறவள் அந்தக் கதையைக் கட்டமாட்டாள். கடைசியில் நீயும் "அவன்" என்று எழுதிவிட்டாய். கவனித்தாயா?

நான்கு பாட்டிலையும் கட்டி எறிந்துவிட்டேன். ஜன்னல் கட்டையில் நான்கு வட்டம் மட்டும் இருக்கிறது. நான்கில் ஒன்றின் மூடி எழும்பியிருந்தது. அது இந்தச் சனிக்கிழமைக்காக முன்னால் எடுத்து வைத்தது.

நான் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். லென்ஸை பிரேமுக்குத் தகுந்தபடி தேய்த்துப் பொருத்துகிற வேலை. போன செவ்வாய்க்கிழமை பிரேமின் திருகு எனக்கு இரண்டாகத் தெரிந்தது. அசதி என்று விட்டுவிட்டேன். இன்று உன் கடிதத்தில் "ஒன்று இரண்டாகத் தெரிந்தால்" என்று படித்ததும் கவுண்டரைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடி அம்மா ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்.

கடைக்கு ஓடினேன். முதலாளியம்மா என்னை உட்காரவைத்து இரண்டு கண்ணையும் அரை மணி நேரம் சோதித்தார். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார், விளக்கை அடித்துப் பார்த்தார். "கண்ணு நல்லா இருக்கு. ஒரு வாரமா அழுதிருக்க. அழுதா திருகு என்ன, மனுஷனே ரெண்டாத் தெரிவான்" என்றார். இருந்தாலும் கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார், தண்ணீர் குடிக்கச் சொன்னார். இப்போதைக்கு ஒன்றுமில்லை, செவ்வாய்க்கிழமையோடு பத்து நாள் ஆகிறது, அதுவரை தனியாக இருக்க வேண்டாம் என்றார். முதலாளியம்மா தன் வீட்டில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார். அங்கிருந்துதான் எழுதுகிறேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எச்சிலை விழுங்கிப் பார்க்கிறேன். போகிறது. அடுத்த தடவை போகுமா என்று உடனே சந்தேகம் வந்துவிடுகிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் "நெருங்கிய உறவினர், தொலைபேசி" என்று ஒரு கட்டம். உன் எண் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். பேனாவை வைத்தேன், எழுதவில்லை. அவர்கள் உன்னைக் கூப்பிட்டால் நீ வருவாய், உன் பின்னாலேயே அவன் வருவான் என்று நினைத்தேன். கட்டத்தைக் காலியாகவே கொடுத்துவிட்டேன். படி இறங்கும்போதுதான் உறைத்தது. எனக்கு ஏதாவது ஆனால் உனக்குச் சொல்ல இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை. அந்த மாதிரி ஏற்பாடு செய்தவள் நானேதான்.

இதோடு ஒரு சீட்டு மடித்து ஊசி குத்தி வைத்திருக்கிறேன். அறை முகவரி, கடை முகவரி இரண்டும் இருக்கின்றன. படித்துவிட்டு எரித்துவிடு.

வாலு

*

ஏப்ரல் 4, சனி

வாலு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உன் பத்தாவது நாள். சீட்டை ஊசியோடு சர்க்கரை டப்பாவுக்குள் வைத்து மூடினேன். உடனே உனக்கு ஒரு வெற்று அஞ்சலட்டை போட்டேன். அதில் எழுத எதுவும் வரவில்லை, முகவரிப் பக்கம் மட்டும்தான் எழுதியிருந்தேன்.

அன்றிலிருந்து எத்தனை தடவை டப்பாவைத் திறந்தேன் என்று கேட்காதே. கிளம்பி வந்துவிடலாமா என்று புதன்கிழமை பையைக்கூட எடுத்து வைத்தேன். வியாழக்கிழமை கம்பெனி வாசலில் எதிர்ப்பக்கத்துக் கடையில் அவன் நின்றுகொண்டிருந்தான். பேசவில்லை. நான் பஸ் ஏறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் திரும்ப வைத்தேன்.

இன்று பதினொன்றரைக்குத் தபால் நிலையத்துக்குப் போன் செய்தேன். அந்த அம்மாவேதான் எடுத்தார். முகவரி கேட்கப்போவதில்லை, வைத்துவிடாதீர்கள் என்றேன். பெட்டிக்காரர் இன்று வந்தாரா என்று மட்டும் கேட்டேன்.

"விவரம் சொல்லக் கூடாதும்மா, எத்தனை தடவை சொல்றது."

நான் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. பின்னால் யாரோ முத்திரை குத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நேத்து அந்தப் பெட்டில ஒரு கார்டு போட்டேன். எழுத்தே இல்லாத கார்டு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்ப பெட்டி காலியா இருக்கு. இதுக்கு மேல கேக்காதீங்க."

நீ வந்து கார்டை எடுத்திருக்கிறாய். போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தான் ஓடிவந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டம்ளரையும் சேர்த்து. அவர் எழுந்துபோய் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

சீட்டை நான் பிரிக்கவில்லை. ஊசியும் நீ குத்தியபடியே இருக்கிறது, பார். இதோடு திருப்பி அனுப்புகிறேன். உன்மேல் கோபமில்லை. அவன் மறுபடி என் எதிரே வந்து உட்காருவான். அன்றைக்கும் என் முகத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது. பிரிக்காமலே அதன் வெளிப்பக்கத்தில் என் பெயர், கம்பெனி போன் எண், வீட்டு போன் எண் மூன்றையும் எழுதியிருக்கிறேன். அதை உன் முதலாளியம்மாவிடம் கொடுத்து வை. ஏதாவது என்றால் அவர் என்னைக் கூப்பிடட்டும். எங்கே வர வேண்டும் என்று அப்போது சொன்னால் போதும்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்காதே. இனி அதற்குத்தான் எழுதுவேன்.

காபி பார்சலில் வருகிறது. பாட்டில் இல்லை, தூள் மட்டும். ரவை பதத்துக்கு அரைத்திருக்கிறேன், வடிகட்டத் துணியும் வைத்திருக்கிறேன். மாலை ஐந்து மணிக்கு ஒரு டம்ளருக்கு மட்டும் ஊறப்போடு, காலை ஒன்பதுக்கு வடிகட்டி உடனே குடித்துவிடு. மீந்ததைக் கொட்டிவிடு. எதையும் இறுக்கி மூடி வைக்காதே. துணியைப் பிழியாதே.

இனி சனிக்கிழமைதோறும் பதினொன்றரைக்கு நான் அந்த அம்மாவுக்குப் போன் செய்வேன். பெட்டி காலியாக இருக்கிறதா என்று கேட்பேன்.

அக்கா